கழுத்து வலியும் கண் மங்கலும்
(நம் அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருகிறவர்களில் பலர், "கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, அதனால்தான் கண் மங்குகிறது" என்கிறார்கள். சிப்காட்டில் எட்டு மணி நேரம் தலை குனிந்த வேலை, பிறகு கம்பெனி பஸ்ஸில் தூக்கம், வீட்டில் செல்போன். கழுத்து வலிக்கத்தான் செய்யும். ஆனால் கண் மங்கலுக்கும் அதுவே காரணம் என்று நாமே முடிவு கட்டுவது ஆபத்து.

ஒரு பெரியவர் கழுத்துப் பட்டை, தைலம், ஒத்தடம் என்று ஏறக்குறைய ஒரு வருடம் ஓட்டினார். கடைசியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருந்தது. மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். அவருடைய கழுத்துப் பட்டைக்குப் பணம் கொடுத்தது நாங்கள்தான். அன்றே கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் கழுத்துக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. கழுத்தின் முன்பக்க ரத்தக் குழாயிலிருந்துதான் கண்ணுக்கு ரத்தம் போகிறது. பின்பக்கக் குழாய்கள் இரண்டும் கழுத்தெலும்புத் துளைகள் வழியே ஏறி, பார்வையை உணரும் பின்மூளைக்குப் போகின்றன. எலும்புத் தேய்மானம் இந்தக் குழாய்களை நெருக்கிப் பார்வையைக் கெடுப்பது அபூர்வம். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதுதான் பயம். 2024-இல் பல்லாரியில் 30 வயது இளைஞருக்கு சலூனில் தலை மசாஜ் செய்து கழுத்தைத் திருப்பியதில் ரத்தக் குழாய் கிழிந்து, பேச்சு குழறி, இடது பக்கம் பலவீனமானதைச் செய்திகளில் படித்தோம். முடி வெட்டியதும் நெட்டி எடுப்பது நம் ஊரிலும் இலவசம்தான்! வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

திடீரென்று ஒரு கண் இருண்டாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கூடவே கழுத்து வலி, தலைசுற்றல், வாய் குழறல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஓசூர் சாலை நெரிசலில் பெங்களூருக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஸ்கேன் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கே முதலில் போங்கள்.

மெல்ல மெல்ல மங்குகிறதா? சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் அழுத்தம், புரை, கண்ணாடி பவர் எல்லாவற்றையும் பாருங்கள். சிலருக்குச் சரியான கண்ணாடி இல்லாமல் தலையை நீட்டிப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி வருகிறது.

கழுத்து வலிக்காரர்கள் ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் சிரமப்பட்டால் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் இடமுண்டு, ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பது வயது கடந்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கண் பரிசோதனைச் செலவை அறக்கட்டளை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.