பனிமண்ணில் கிடந்த மயிர்க்கற்றை

மேற்குக் கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவில் கெகெர்த்தசூசுக் என்றோர் இடம் உண்டு. 1986-ஆம் ஆண்டில் அங்கே உறைந்த நிலத்தை அகழ்ந்தோர் ஒரு கற்றைத் தலைமயிரைக் கண்டெடுத்தனர். அது கோபன்ஹேகன் நகருக்குச் சென்று பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆடவனின் மயிர் அது.

எலும்பு நுண்ணுயிர்களுக்கு எளிதில் இடங்கொடுக்கும். மயிரோ தன்னுள் இருக்கும் மரபணுப் பொருளைக் கவசம்போற் காக்கும். உறைபனியும் துணை செய்தது. ஆகவே 2010-இல் அம்மனிதனின் மரபணுத் தொகுதியில் நூற்றுக்கு 79 பங்கை அறிஞர்கள் படித்துவிட்டனர். பண்டை மனிதன் ஒருவனின் மரபணுத் தொகுதி அவ்வாறு படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. பழுப்பு விழிகளும் கருமயிரும் உடையவன். வழுக்கை விழும் இயல்பினன் என்றும் தெரிந்தது. ஆயினும் நமக்குக் கிடைத்தது அவன் மயிரே!

அவன் யாருக்கு உறவினன்? இன்று கிரீன்லாந்தில் வாழும் இனுயிட் மக்களுக்கு மூதாதை என்றே எவரும் எண்ணுவர். மரபணு வேறு விடை கூறிற்று. சைபீரியாவின் கிழக்கு முனையில் வாழும் சுக்சி, கோர்யாக் மக்களே அவனுக்கு நெருங்கியவர். அவன் முன்னோர் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்திற்குக் கடந்து வந்தவர்.

2014-இல் வெளியான ஆய்வு இதை மேலும் விரித்தது. அவனுடைய சாக்காக் மக்களும், அவர்க்குப் பின் வந்த டார்செட் மக்களும் ஒரே மரபினர். அவர்களுடைய தாய்வழி மரபணுக்கூறு பெரும்பாலும் ஒரே வகையினது; எனவே மிகச் சில தாய்மாரின் வழிவந்த சிறு கூட்டம் எனலாம். அக்கூட்டம், வெளியாரோடு அதிகம் கலவாமல், அக்கொடுங்குளிரில் நாலாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது! சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து இனுயிட்டுகளின் முன்னோரான தூலே மக்கள் நாய்ச்சறுக்கு வண்டிகளோடும் தோற்படகுகளோடும் கிழக்கே பரவினர். சில நூற்றாண்டுகளில் டார்செட் மக்கள் மறைந்தனர்.

இனுயிட் முதியோர் தம் பேரக்குழந்தைகளுக்குத் தூனிட் என்பாரைப் பற்றிக் கதை சொல்வதுண்டு. தமக்கு முன் அந்நிலத்தில் இருந்தவர், மிக்க வலியர், ஆயினும் கூச்சமுடையோராய் விலகி ஓடியவர் என்பது அக்கதை. முன்னிருந்தோர் வேற்று மக்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே வைத்திருந்தனர். ஆய்வுக்கூடம் அதனைப் பின்னரே எட்டிற்று.

உறவு அடியோடு அற்றதென்றும் கொள்ளலாகாது. அப்பழைய சைபீரிய மரபின் இழை அலாஸ்கா, வட கனடாப் பழங்குடிகள் சிலரிடமும் இனுயிட்டுகளின் தொன்முன்னோரிடமும் ஓடுகிறதென 2019-இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

இன்னொரு செய்தி. ஹட்சன் விரிகுடாவில் சவுத்தாம்ப்டன் தீவில் சாட்லெர்மியூட் என்னும் சிறு குடி இருந்தது. பேச்சும் கருவிகளும் அயலாரினின்றும் வேறுபட்டமையால், டார்செட்டுகளின் எச்சமே இவர்கள் என்று அறிஞர் பலர் கருதினர். 1902-03 குளிர்காலத்தில், திமிங்கில வேட்டைக் கப்பல் வழியே வந்த நோயால் அக்குடி ஏறக்குறைய முற்றும் மடிந்தது. அவர்தம் எலும்புகளையும் 2014-இன் ஆய்வு நோக்கிற்று. அவர்கள் டார்செட்டுகள் அல்லர். தனித்து வாழ்ந்த இனுயிட்டுகளே.