சிமியோனின் கைகள்



திருவனந்தபுரத்தில் விமானத்தை விட்டு இறங்கி, தென்மலை, ஆரியங்காவு வழியாகப் புளியறைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வரும் கார்களில், வளைகுடா நாடுகளில் பிறந்து, தாத்தா பாட்டியின் மடியை இன்னும் அறியாத குழந்தைகளும் வருகிறார்கள். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைத்து அழும். பால் கொடுத்தால் சற்று அடங்கும். "இத்தனை சிரமம் எதற்கு? வீடியோவில் தினமும் பார்க்கிறார்களே" என்று சிலர் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மரியாவும் யோசேப்பும் 40 நாள் குழந்தையை எருசலேமுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சிமியோன் காத்திருக்கிறார். 84 வயதுக் கைம்பெண் அன்னாவும் வந்து சேருகிறார். சிமியோனுக்குக் கடவுள் செய்தி மட்டும் அனுப்பவில்லை. குழந்தையையே கையில் கொடுத்தார்.

பெற்றோரே, குழந்தை நாளுக்கு நாள் வளரும். காத்திருக்கும் கைகளோ தளர்ந்துகொண்டே போகும். முடிந்தால் இந்த விடுமுறைக்கே வாருங்கள். தாத்தா பாட்டிகளே, பிள்ளை களைத்து வந்திருக்கும், முதலில் தூங்கவிடுங்கள். பிறகு நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கொடுங்கள். விடுப்பு கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லாமல், அவர்களுக்காகச் செபிப்போம்.

திருக்குடும்பம் நம் குடும்பங்களை வழிநடத்துவதாக. ஆமென்.