உக்கிராண அறைச் சாவி

இவ்வளவு நேரமும் வீட்டு அடுப்பை ஊதி ஊதி எரிய விட்டுவிட்டு, இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே! (சிரிப்பு)

கல்யாணச் சாப்பாட்டில் நிம்மதி தருவது வீட்டுப் பந்தலில் நாம் வைக்கிற அடுப்பா, நகரத்து மண்டபத்துக்காரரே சமைத்துப் போடுகிற அடுப்பா என்பது தலைப்பு. நான் மண்டபத்து அடுப்புக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "மண்டபத்துல பணத்தைக் கட்டிட்டு, சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கே விருந்தாளி மாதிரிப் போய் உட்கார்றாங்க"ன்னு சொன்னார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. அய்யா, அந்த விருந்தாளியாகிற பாக்கியம் எங்க அம்மாவுக்குக் கிடைக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு ஊர் அரியலூருக்குப் பக்கத்துல கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோவில் இருக்கிற ஊர். கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடுகிற கோவில் அது. ராமநவமியை ஒட்டித் திருவிழா வந்தால், வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து பெருமாளுக்குக் காணிக்கை கொடுப்பார்கள். எங்க வீட்டில் மூன்று கல்யாணம், மூன்றும் அதே வீட்டு வாசலில், அதே பந்தக்கால் குழியில். ஆனா பத்திரிகையைப் பார்த்தா மூணு ஊர்க்காரங்கன்னு நினைப்பீங்க. 1993-ல் எங்க அக்கா கல்யாணம், திருச்சி மாவட்டம்னு அச்சடிச்சோம். 1999-ல் என் கல்யாணம், பெரம்பலூர் மாவட்டம். 2008-ல் தம்பி கல்யாணம், அரியலூர் மாவட்டம். வீடு நகரல அய்யா, மாவட்டம்தான் நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். பந்தலுக்குப் பின்னாடி கோட்டையடுப்பு வெட்டியாச்சு. சமையல் மாஸ்டர் சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிப் படிச்சுட்டு, "எத்தனை பேருக்குய்யா, எங்க ஊருக்கா, இந்தத் தாலுகாவுக்கா?"ன்னு கேட்டார். (சிரிப்பு) அவ்வளவு முந்திரியும் வந்து இறங்குச்சு. பாயசத்துல ஒண்ணு மிதந்ததா எனக்கு ஞாபகம். அதனாலதான் உக்கிராண அறைன்னு ஒன்றைப் பூட்டி, நம்பிக்கையான ஆள் இடுப்பில் சாவியைக் கொடுப்பது. எங்க வீட்டில் அந்த நம்பிக்கையான ஆள் எங்க அம்மா.

முதல்நாள் சாயங்காலம் இடுப்பில் சொருகிய சாவி. ராத்திரி முழுக்க "அம்மா, புளி", "அம்மா, கடுகு", "அம்மா, இன்னொரு டின் எண்ணெய்". விடிஞ்சது. முகூர்த்தம் நெருங்குது. ஐயர் அட்சதைத் தட்டை அனுப்பிட்டார். அம்மா ஒரு பிடி எடுத்துக்கிட்டு மணவறைப் பக்கம் நாலு அடி வச்சிருப்பாங்க. பின்னாலிருந்து ஒரு குரல், "அம்மா, பந்திக்கு நெய் இல்ல, சாவி எங்க?" திரும்பி ஓடினாங்க. பூட்டைத் திறந்து உள்ளே குனிஞ்ச நேரம் கெட்டிமேளம் கேட்டுச்சு. பெத்த பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, அவங்க நெய் டின் முன்னாடி நிக்கிறாங்க. கையில் இருந்த அட்சதையை அந்த டின் மேலேயே போட்டுட்டு வெளிய வந்தாங்களாம். இதை அம்மா ஒரு குறையாச் சொன்னதே இல்ல. எங்க அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வீட்டு அடுப்புதான் உறவைச் சேர்க்கும்"னு சொன்ன அண்ணனைக் கேட்கிறேன். அந்த உக்கிராண அறைக்குள்ள எந்த உறவு வந்து அம்மா கையிலிருந்த சாவியை வாங்கிச்சு? (கைதட்டல்)

அதனால போன 2024-ல் என் மகள் கல்யாணம் பேசினப்ப, சம்பந்தி வீடும் திருச்சியாக அமைஞ்சதால, திருச்சியிலேயே சமையலோடு சேர்ந்த மண்டபம்னு முடிவு பண்ணினேன். முடிவு பண்ணினேனே தவிர, கண்ணை மூடிக்கிட்டு முன்பணம் கட்டலை.

முதலில் ஒரு மண்டபத்தில், "வாங்கம்மா, ருசி பார்க்க ஏற்பாடு பண்றோம்"னாங்க. போனோம். எங்க அஞ்சு பேருக்குப் பதினெட்டு வகை! அமிர்தம். என் வீட்டுக்காரர் அப்பவே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டார். (சிரிப்பு) நான் சொன்னேன், "ஏங்க, அஞ்சு பேருக்கு நானும் நல்லாத்தான் சமைப்பேன். எண்ணூறு பேருக்கு இவங்க சமைக்கிறதைப் பார்க்கணும்."

அடுத்த முகூர்த்த நாளில், அதே மண்டபத்துக்கு, யாரென்றே தெரியாத ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சிரிக்காதீங்க, 101 ரூபாய் மொய் எழுதிட்டுத்தான் உட்கார்ந்தோம்! மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீடுன்னு நினைச்சாங்க, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடுன்னு நினைச்சாங்க. ரெண்டு பக்கமும் ஏக மரியாதை. (பலத்த சிரிப்பு) வேணும்னே மூணாவது பந்தியில் உட்கார்ந்தோம். முதல் பந்தியில் எந்த மண்டபமும் தோற்காது. மூணாவது பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியல. அப்பளம் தீர்ந்து போச்சு. கூட்டு கேட்டா, "இதோ வருது"ன்னு போன தம்பி, அவர் கல்யாணத்துக்கே போயிட்டாரோ என்னவோ, திரும்பி வரவே இல்ல. அந்த மண்டபம் வேண்டாம்னு வந்துட்டோம். 101 ரூபாயில் எங்க மானம் தப்பிச்சுது.

இரண்டாவது இடத்தில் சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியை எண்ணினேன். மேலே ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம். கீழே சாப்பிட இருநூறு பேருக்குத்தான் இடம். எண்ணூறு பேர் வந்தா நாலு பந்தி. பந்திக்கு, இலை எடுத்துத் துடைக்கிற நேரத்தோடு, நாற்பது நிமிஷம். இரண்டே முக்கால் மணி நேரம் கிட்டத்தட்ட! சர்க்கரை வியாதி இருக்கிற எங்க பெரியப்பா அதுவரைக்கும் ஏ.சி. காத்தையா சாப்பிடுவார்?

அங்கேயே வாசலையும் மாடிப்படியையும் பார்த்தேன். இதைச் சிரிப்பில்லாமல் சொல்கிறேன். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாப்பிள்ளையும் இறந்துபோனார். எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி அது. பந்தல் அலங்காரத்துக்கு எவ்வளவு என்று கேட்கிற நாம், வெளியே போக எத்தனை வழி என்று கேட்பதில்லை. நான் கேட்டேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அடுத்த வழியின் கதவு பூட்டியிருந்தது, அதற்கு முன்னால் நாற்காலி அடுக்கியிருந்தது. அந்த மண்டபமும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எதிரணி அண்ணன் இலைக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்தினார். அது நியாயமான பயம்தான், ஒத்துக்கிறேன். அறுநூறு இலைக்கு உறுதி கொடுத்துட்டு நானூத்தி ஐம்பது பேர் வந்தா, மிச்சம் நூத்தி ஐம்பது இலைக்கும் நாமதான் கட்டணும். இலை முந்நூறு ரூபாய்னா நாற்பத்தையாயிரம் ரூபாய், யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு! அதனால குறைவாகவே உறுதி கொடுத்து, கூட வந்தா அதே விலைக்குப் போடணும்னு எழுதி வாங்கினேன். போட்ட இலையா, சாப்பிட்ட இலையா என்பதையும் எழுதச் சொன்னேன். நம்ம ஆளுங்களைத் தெரியாதா? ஒரு இலையில உட்கார்ந்து தண்ணி தெளிச்சுட்டு, "அத்தை அங்க உட்கார்ந்திருக்கு"ன்னு அடுத்த இலைக்குத் தாவுவாங்க. (சிரிப்பு) பந்திக்குப் பந்தி எண்ணி எழுத என் தம்பி மகனை நிறுத்தினேன். ஜி.எஸ்.டி. இலை விலைக்குள்ளேயா வெளியேயா, மிஞ்சின சாப்பாடு யாருக்கு, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கா, எல்லாம் கேட்டேன்.

கல்யாணம் தள்ளிப்போனா முன்பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத்திலேயே வாங்கினேன். 2020-ல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாதுன்னு சொன்னப்ப, எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கட்டின முன்பணத்துக்காக எட்டு மாசம் அலைஞ்சார். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்துச்சு.

"இவ்வளவும் அலைஞ்சதுக்கு வீட்டிலேயே அடுப்பு வச்சிருக்கலாமே"ன்னு அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, நான் அலைஞ்சது கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி. எங்க அம்மா ஓடினது தாலி கட்டுற நிமிஷத்துல. (பலத்த கைதட்டல்)

குறையே இல்லையான்னா, இருந்துச்சு. வத்தக்குழம்பில் எங்க ஊர்க் காரம் இல்லை. மிஞ்சின லட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிக் காய் நறுக்கிக் கதை பேசுற அந்த முதல்நாள் ராத்திரி இல்லாதது எனக்கே வருத்தம்தான்.

ஆனா முகூர்த்த நேரத்தில் எங்க அம்மா முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாங்க. கையில் அட்சதை. உள்ளே பந்திக்கு யாரோ "நெய் கொண்டா"ன்னு சத்தம் போட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாவோட இன்னொரு கை தானா இடுப்புக்குப் போச்சு, சாவியைத் தேடி. சாவி இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. கெட்டிமேளம் கொட்டுச்சு. பேத்தி தலையில் அட்சதையைப் போட்டாங்க.

தீர்ப்பை நடுவர் அய்யாவிடம் விடுகிறேன். (கைதட்டல்)