காணிக்கு எந்தக் கதவைத் தட்டுறது?



எங்கட காம்பெயின் கூட்டங்களில் அடிக்கடி வாற கேள்வி இது: "ஊர்க் காணிப் பிரச்சினைக்கு எந்த அமைச்சுக்கு எழுதுறது?" சின்னக் கேள்விதான், பதில் கொஞ்சம் நீளம்.

இலங்கையில் 2024 இறுதியில் அமைந்த அரசில் விவசாயம், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் எல்லாம் ஒரே அமைச்சு. காணி ஆணையாளர் நாயகம் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், காணி உரித்து நிர்ணயத் திணைக்களம் அதுக்குக் கீழ. ஆனா எல்லைக்கல் போடுற வனத் திணைக்களம் சுற்றாடல் அமைச்சில். தொல்லியல் திணைக்களமோ புத்தசாசன, சமய, கலாசார அமைச்சில். உறுதி பதியிற வேலை பதிவாளர் நாயகத்தினது. ஒரே வயலுக்கு இத்தனை கதவுகள். ஒரு கதவைத் தட்டினா மற்றதைக் காட்டிவிடுவினம்.

அதோட, ஆட்சி மாறினா அமைச்சின் பெயரும் மாறும். காணி இன்னொரு துறையோட போய்ச் சேரும். திணைக்களமும் அதன் கையில் இருக்கிற சட்டமும் அப்படியே இருக்கும். அதனால அமைச்சர் என்ன பேசினார் எண்டதைவிட, திணைக்களம் எந்தச் சட்டத்தைப் பாவிக்குது எண்டு பார்க்கவேணும்.

உதாரணம் சொல்லுறன். 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி, வடக்கில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. கோராட்டி அரச காணி. பாவிச்ச சட்டம் 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம், பிரிட்டிஷ்காரர் விட்டிட்டுப் போனது. யுத்தத்தில் உறுதியைத் தொலைத்தவர்களுக்கும், எங்களைப் போல வெளியில் இருக்கிற குடும்பங்களுக்கும் மூன்று மாதம் எப்படிப் போதும்? எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, அரசு வர்த்தமானியை மீளப்பெற்றது. சட்டம் இன்னும் இருக்கு.

இனி கூட்டுறவு. 1987இன் 13ஆவது திருத்தத்தில் காணியும் கூட்டுறவும் இரண்டுமே மாகாணப் பட்டியலில் இருக்கு. ஆனா காணிக்கு மட்டும் ஒரு பின்னிணைப்பு: அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியது. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கவேணும் எண்டும் அதில எழுதியிருக்கு. இன்றுவரை அமைக்கவில்லை. 2013இல் உயர் நீதிமன்றமும் அரச காணி மத்தியின் கையில்தான் எண்டு சொல்லிவிட்டது.

விளைவு என்ன? நாலு பெண்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கினா, பதிவும் கணக்காய்வும் மாகாணத் திணைக்களத்தில் முடியும். அந்தச் சங்கத்துக்கு ஒரு துண்டு அரச காணி நீண்டகாலக் குத்தகைக்கு வேணுமெண்டா, கோப்பு பிரதேச செயலகத்தில் தொடங்கிக் கொழும்பு வரைக்கும் போகும். சங்கம் மக்களிட்ட, நிலம் மத்தியிட்ட. இது நிர்வாகக் குழப்பம் மட்டுமில்லை தோழர்களே, அதிகாரத்தை எங்க வைச்சிருக்கிறதெண்ட அரசியல் முடிவு.

அதனால ஒரு வேலை தாறன். இண்டைக்கு வீட்ட போய் அம்மா அப்பாவிட்ட கேளுங்கோ: உறுதி எங்க இருக்கு? நில அளவைப் படம் இருக்கா? அது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? இரண்டுக்கும் சட்டம் வேற, போகவேண்டிய கதவும் வேற. பதில்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்கோ. அமைச்சருக்கு இல்லை, உரிய திணைக்களத்துக்கு, உரிய சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கடிதம் எழுதுவம்.