நம்ம ஏரியும் நிறையட்டும், பூண்டியும் நிறையட்டும்!

(திருத்தணியில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையா பூண்டிக்குப் போயிருந்தேன். கரையெல்லாம் கார், மோட்டார் சைக்கிள். குடும்பம் குடும்பமா நின்னு போட்டோ எடுக்கிறாங்க. ரோட்டோரம் மீன் வறுத்து விக்கிறாங்க. ஒரு சின்னப் பையன் தன் அப்பாகிட்ட கேட்டான்: "இவ்ளோ தண்ணி எங்கேர்ந்துப்பா வருது?" அவர் சொன்னார்: "மழைத் தண்ணிடா." அவர் சொன்னது தப்பில்லை. ஆனா அது பாதி பதில்தான். மீதிப் பதிலைத்தான் இன்னைக்கு நாம இங்கே பேசப் போறோம்.

பூண்டிக்கு வர்ற தண்ணி நம்ம ஊர்களைத் தாண்டித்தான் போகுது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் பக்கமிருந்து கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியா வருது. நகரி ஆறு வந்து சேருது. முருகன் மலையடிவாரத்தில் ஓடுற நந்தியாறும் அதோட சேருது. தெற்கே காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினா, அதன் கலங்கல் தண்ணி கேசாவரம் அணைக்கட்டு வழியா வருது. எல்லாம் கூடிப் பூண்டியில் நிக்குது. நம்ம மண்ணு மேல விழுந்த மழை, நம்ம ஓடையில ஓடின தண்ணி. ஆனா அங்கே போய்ச் சேர்ந்ததும் அது நம்ம தண்ணின்னு சொல்ல ஒருத்தரும் இல்லை.

பூண்டி எப்படி வந்தது?

1872 முதல் சென்னைப் பட்டணத்துக்குப் புழல் ஏரித் தண்ணி போகுது. பாசனத்துக்கு வெட்டின ஏரிதான் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் ஏரியா மாறிச்சு. அதுவும் பத்தலை. 1939-ல் சென்னை மேயரா இருந்த தீரர் சத்தியமூர்த்தி பூண்டியில் நீர்த்தேக்கம் வேணும்னு முயற்சி எடுத்தார். 1940-ல் வேலை தொடங்கி 1944-ல் முடிஞ்சது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை, 1943-லேயே காலமாயிட்டார். அவர் பெயரால்தான் அது சத்தியமூர்த்தி சாகர்.

மேட்டூர் அணையில 93 டி.எம்.சி. தண்ணி நிக்கும். பூண்டி அதுக்கு முன்னால சின்னப் பிள்ளை. 35 அடி உயரம், 3231 மில்லியன் கன அடி. அதாவது மூணேகால் டி.எம்.சி.கூட முழுசா இல்லை. ஆனா பட்டணத்தோட உயிர் அதில்தான் இருக்கு. அங்கேர்ந்துதான் சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாத்துக்கும் கால்வாய் போகுது. 1983-ல் ஆந்திராவோட போட்ட ஒப்பந்தப்படி, 1996 முதல் வர்ற கிருஷ்ணா தண்ணியும் பூண்டியில்தான் வந்து விழுது.

அணை கட்டினப்ப ஊர் முழுகிச்சு. திருவிளம்பூதூரில் இருந்த பழைய சிவன் கோயிலும் நீர்பிடிப்புக்குள்ள போச்சு. சாமியை எடுத்து வந்து பூண்டியில் வேற கோயில் கட்டி வச்சாங்க. ஊன்றீஸ்வரர் கோயில். கதை உங்களுக்கே தெரியும். கொடுத்த சத்தியத்தை மீறினதால சுந்தரருக்குக் கண் போச்சு. இங்கே வந்து கண் கொடுன்னு கேட்டார். சாமி கண் கொடுக்கலை. ஊன்றிக்கிட்டுப் போன்னு ஒரு கோல்தான் கொடுத்தார்.

நம்ம கதையும் அதேதான் தோழர்களே! சத்தியத்தை மீறினது நாம இல்லை. ஆனா தட்டுத் தடுமாறி நிக்கிறது நாம. தண்ணி கொடுன்னு கேட்டா, நிவாரணம்னு ஒரு கோல், கடன் தவணை தள்ளி வைக்கிறோம்னு ஒரு கோல். கோலை வாங்கி வாங்கி வீடு நிறைஞ்சு போச்சு. கண் எப்போ கொடுப்பீங்க?

குடிதண்ணிக்கு நாம எதிரி இல்லை

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். குடிக்கிற தண்ணிக்குத்தான் முதல் இடம். பட்டணத்தில் இருக்கிறது நம்ம பிள்ளைங்களும்தான். 2019-ல் பட்டணத்து ஏரிகளெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி கொண்டு போனப்ப நாம யாரும் சிரிக்கலை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஏரியைப் பார்க்கிறவங்க மேலேயும் கோபமில்லை. வரட்டும், பார்க்கட்டும், பிள்ளைங்களுக்குக் காட்டட்டும்.

ஆனா 2000-களில் ஏரி வறண்டப்ப என்ன நடந்தது? பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயக் கிணத்துத் தண்ணியைப் பட்டணத்துக்கு விலைக்கு வாங்கினாங்க. பயிர் வைக்கிறதைவிட மோட்டார் போட்டுத் தண்ணி விக்கிறது மேல்னு ஆச்சு. கிணறு வச்சிருந்தவனுக்குக் காசு வந்தது. நடவு, களையெடுப்புன்னு பிழைச்ச கூலிக்காரங்களுக்கு என்ன வந்தது? வேலை போனதுதான் மிச்சம். பக்கத்துக் கிணத்துக்காரனுக்குத் தண்ணி கீழே போனதுதான் மிச்சம். இன்னும் கீழே மீஞ்சூர் பக்கம் போனா, உறிஞ்சி உறிஞ்சிக் கடல் தண்ணியே நிலத்தடியில் ஏறி, கிணறெல்லாம் உப்பாப் போச்சு. எங்க அப்பா கவலை இறைச்ச கிணத்தில் இன்னைக்கு எட்டிப் பார்த்தா வெறும் பாறைதான் தெரியுது.

கணக்கைக் கேளுங்க

"மழை இல்லை, நாங்க என்ன செய்யறது"ன்னு சொல்றாங்க. சரி, மழை பெஞ்ச வருஷத்தை எடுத்துக்குவோம். 2021 நவம்பரில் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆத்துல வெள்ளம் வந்து தரைப்பாலமெல்லாம் முழுகிச்சு. பூண்டி நிரம்பி ஷட்டரைத் திறந்து விட்டாங்க. அந்தத் தண்ணி எங்கே போச்சு? எண்ணூர் கடலுக்கு.

விநாடிக்கு 10,000 கன அடி தண்ணி திறந்தா ஒரு நாளைக்கு 864 மில்லியன் கன அடி. அதே கணக்கில் 4 நாள் திறந்தா ஒரு பூண்டிக்கு மேலேயே கடலுக்குப் போயிடுது. அதில் பத்துல ஒரு பங்கை, விநாடிக்கு 1,000 கன அடியை, ஒரே ஒரு நாள் மேலேயே திருப்பி விட்டிருந்தா, 20 மில்லியன் கன அடி பிடிக்கிற ஊர் ஏரி நாலு நிரம்பியிருக்கும். நாலு ஏரி நிரம்பினா எத்தனை ஊர்க் கிணறு ஊறும்? நவரைக்கு எத்தனை ஏக்கர் நடலாம்? நீங்களே மனசுக்குள்ள கணக்குப் போடுங்க.

நம்ம பெரியவங்க வச்ச முறை என்ன? மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழிஞ்சு, கீழ் ஏரிக்குப் போகணும். கடைசியா மிஞ்சினது ஆத்துக்கு, ஆத்துல மிஞ்சினது கடலுக்கு. இன்னைக்கு வெள்ளம் நேரா பூண்டிக்கும் கடலுக்கும் ஓடுது, நடுவுல நம்ம ஏரி பாதி வயித்தோட நிக்குது. ஏன்? வரத்துக் கால்வாயே இல்லை. மணலை அள்ளி அள்ளி ஆத்துத் தரை கீழே போச்சு. கால்வாய்த் தலைப்பு மேலே நிக்குது. தண்ணி எப்படி ஏறும்?

இன்னொண்ணையும் ஒளிக்காம பேசுவோம். கால்வாய்க் கரையைக் கொத்தி ரெண்டு சால் சேர்த்துக்கிட்டவன் நம்மளுக்குள்ளேயும் இருக்கான். பிளாட் போட்டவனை மட்டும் திட்டினா போதாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் வந்தாச்சு. முதல்ல நம்ம கையை நாம எடுப்போம். அப்புறம்தான் பெரிய கையைப் பிடிச்சுக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கொசஸ்தலை ஆத்துப் படுகை மொத்தம் 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 ஆந்திராவில் இருக்கு, மீதி நம்மகிட்ட. சித்தூர் மாவட்டத்தில் கதரப்பள்ளி, முக்கலகண்டிகை ஊர்களில் ரெண்டு நீர்த்தேக்கம் கட்டப் போறாங்கன்னு சேதி வந்தப்ப, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எழுதினது சரி. ஆனா கடிதம் போனா மட்டும் தண்ணி வந்துடாது. ரெண்டு பக்கத்து அதிகாரிங்களும், ரெண்டு பக்கத்து விவசாயிகளும் ஒரே பெஞ்சில் உட்காரணும்.

அந்தப் பக்கத்து விவசாயி நமக்குப் பகையாளி இல்லை. ம.பொ.சி. போன்றவங்க போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்தது. கோடு மேப்பில்தான் விழுந்தது. இந்தக் கூட்டத்திலேயே வீட்டுக்குப் போனா தெலுங்கு பேசறவங்க எத்தனை பேர்! பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊருங்க. மேலே அவங்க வயல் காய்ஞ்சாலும் நமக்கு வலிக்கும். நாம கேட்கிறது பங்கு. சண்டை இல்லை.

நம்ம கோரிக்கைகள்

1. ஐப்பசி மழைக்கு முன்னால, கிராமக் கணக்குப்படி ஒவ்வொரு ஏரியின் வரத்துக் கால்வாயையும் அளந்து, கல் நட்டு, தூர்வாரித் தர வேண்டும்.

2. வெள்ளக் காலத்தில் உபரி நீர் கடலுக்குப் போகும் முன், மேலே உள்ள ஊர் ஏரிகளுக்குத் திருப்பி விட முறை வகுத்து அரசாணை போட வேண்டும். பழுதான தலைப்பு மதகுகளைச் சீராக்க வேண்டும்.

3. கொசஸ்தலை, நகரி, நந்தி ஆறுகளில் மணல் திருட்டை அடியோடு நிறுத்த வேண்டும்.

4. நந்தியாற்றில் சாக்கடை விடுவதைத் தடுக்க வேண்டும்.

5. ஆந்திர அணைகளில் தண்ணீர் திறக்கும் முன் ஊர்களுக்குத் தண்டோரா போட்டுத் தெரிவிக்க வேண்டும். இரு மாநிலக் கூட்டுக் குழுவில் விவசாயிகளுக்கு இடம் வேண்டும்.

6. பூண்டி நீர்மட்டம் பேப்பரில் வருகிற மாதிரி, ஒவ்வொரு ஊர் ஏரியின் கொள்ளளவும் இருப்பும் ஏரிக்கரையில் போர்டில் எழுதப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சின்ன விஷயம் மாதிரி தெரியும். அப்படி இல்லை. கணக்கில் ஏறாத தண்ணியைத் திருடினாக் கேட்க நாதி கிடையாது. பூண்டியில ஒரு அடி குறைஞ்சா பட்டணமே பேசுது. நம்ம ஏரி வத்திப் போனா மாடு மேய்க்கிற பையனுக்கு மட்டும்தான் தெரியுது.

தோழர்களே! டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு 365 படியும் ஏறி முருகன்கிட்ட வேண்டிக்கிறோம். அதை விட வேண்டாம். ஆனா மழையைக் கொடுக்கிறதுதான் முருகன் வேலை. கால்வாயை வெட்டறது சர்க்கார் வேலை. அதைக் கேட்டு வாங்கறது நம்ம வேலை. மலைப்படி ஏறின கால், கலெக்டர் ஆபீஸ் படி ஏறவும் தயங்கக் கூடாது.

ஊருக்குப் பத்துப் பேர் வாங்க. தாய்மார்கள் காலிக் குடத்தோட வாங்க. அடுத்த மழையில நம்ம கலங்கல் வழியட்டும். அந்தத் தண்ணி பூண்டிக்குப் போகட்டும். அதுக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கரையில் நின்னு, "பாருடா, இது நம்ம ஏரி நிறைஞ்சு வந்த தண்ணி"ன்னு காட்டுவோம்!

ஒன்று சேர்வோம்! உரிமை பெறுவோம்!