பாடுவோர் முகம்

மலாக்கா மாநிலம் ஜாசின் மாவட்டத்தில் உள்ளது சுங்கை ரம்பாய். அவ்வட்டாரத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழாவில் நாம் கண்ட காட்சி இது. பூசை முடிந்ததும் பிள்ளைகள் சிலர் தேவாரம் பாடினார்கள். பெண் பிள்ளைகள் நடுவே பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். மேல் சுரம் வரும்போதெல்லாம் அவன் புருவம் நெரியும், தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். அதைக் கண்டு சிறுவர்கள் சிரித்தார்கள். பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மறு ஆண்டு அவன் பாட வரவில்லை. பந்தலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாடும்போது முகம் கோணுவது குற்றமா? சற்று ஆராய்வோம்.

இது பழைய கேள்விதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில், தேவகிரி யாதவ மன்னர் சிங்கணனின் ஆதரவில் வாழ்ந்த சார்ங்கதேவர், ‘சங்கீத ரத்னாகரம்’ என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். பாடகர்க்கு ஆகாத குற்றங்கள் இருபத்தைந்தை அதில் அடுக்குகிறார். பல்லைக் கடித்துப் பாடுதல், வாயை அகலப் பிளந்து பாடுதல், கழுத்தைக் கோணலாக்கிப் பாடுதல், கண்ணை மூடிப் பாடுதல், கன்னத்தைச் சுரைக்காய்போல் உப்பிப் பாடுதல் ஆகியவை அவற்றுள் சில.

ஆனால் பாடகர்க்குக் குற்றமான அதே உப்பிய கன்னம், நாதசுரக் கலைஞருக்குத் தொழிலின் பகுதி. சீவாளியை உதட்டில் பொருத்தி, மூச்சைத் தேக்கி, அழுத்தத்தோடு ஊத வேண்டும். கன்னம் புடைப்பதும் நெற்றி வியர்ப்பதும் உழைப்பின் அடையாளங்கள். பால் மரம் சீவுகிறவர் முகத்தில் அழகு பார்ப்போமா? அதுபோலத்தான் இதுவும்.

1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். நாதசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் தோன்றியவர் சிவாஜி கணேசன். அவருடைய கன்னமும் கண்ணும் புருவமும் அசைந்த அசைவிலே, அவரே வாசிப்பதாக நாம் நம்பிவிட்டோம். அப்படியானால் இசையை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. கண்ணாலும் கேட்கிறோம் அல்லவா?

இதை ஆய்வும் காட்டியிருக்கிறது. வில்லியம் தாம்சன், பிராங்க் ருசோ ஆகியோரின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. பாடகர்கள் இரண்டிரண்டு சுரங்களைப் பாடும் படத்தை ஒலியில்லாமல் போட்டுக் காட்டினார்கள். எந்த இரு சுரங்களுக்கிடையே தூரம் அதிகம், எதில் குறைவு என்பதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முகத்தைக் கொண்டே கணித்தார்கள். தாவல் பெரிதானால் தலை அதிகம் அசைகிறது, புருவம் உயர்கிறது, வாய் விரிகிறது. முகம் குரலோடு கூடவே ஏறி இறங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

நம் கச்சேரி மேடையிலும் இதைக் காணலாம். மிருதங்கக்காரர் பாடகர் முகத்தை விட்டுப் பார்வையை எடுப்பதில்லை. தீர்மானம் முடியப்போகிறது, பாட்டை மீண்டும் எடுக்கப்போகிறார் என்பதை ஒரு புருவ அசைவே சொல்லிவிடும்.

ஆயினும் கண் நம்மை ஏமாற்றவும் கூடும். சியா ஜுங் சாய் என்னும் ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பியானோப் போட்டிகளில் வென்றவர் யார் என்பதை, இசையைக் கேட்டு ஊகித்தவர்களைவிட, ஒலியில்லாப் படத்தைப் பார்த்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். தேர்ந்த இசைக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே, பள்ளிப் பாட்டுப் போட்டிக்கு நடுவராக இருப்போர் சிறிது நேரம் தலை குனிந்து கேட்பது நல்லது.

இனி அந்தப் பையனிடம் வருவோம். பதின்மூன்று என்பது ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயது. பெண் பிள்ளைகளுக்காக வைத்த சுருதியில் அவனையும் பாடவிட்டார்கள். எட்டாத சுரத்தை எட்டத் தொண்டை திணறியது. அந்தத் திணறலே முகத்தில் தெரிந்தது. காய்ச்சலுக்கு உடம்பு சுடுவதுபோல, சிரமத்துக்கு முகம் சுருங்குகிறது. உடம்பு சுடுகிறது என்று யாரையும் பரிகசிப்போமா?

சுருதியைச் சில கட்டை இறக்கி, அவனைத் தனியே பாடவிட்டிருந்தால் தாடை தானே தளர்ந்திருக்கும். அதன் பின்னும் முகம் கோணினால், வீட்டில் கண்ணாடி முன் அமர்ந்து மெல்லப் பாடிப் பழகச் செய்யலாம். சார்ங்கதேவர் குற்றங்களை எழுதி வைத்தது பாடுவோர் திருந்துவதற்கே. கேட்போர் சிரிப்பதற்கு அன்று.

நம் தோட்டப்புறங்களில் தேவாரம் பாடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரைக்கூட நம் சிரிப்பால் இழக்கலாகாது. அடுத்த திருவிழாவில் ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்துப் பாடினால், முதலில் சுருதியைக் கவனிப்போம்.