ஒரு கிலோ உலர்திராட்சைக்கு எத்தனை கிலோ பழம்?



நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனா விலை விழுந்த மாசத்துல அந்தப் பெருமை பறிப்புக் கூலிக்குக்கூட உதவாது. அதனாலதான், "மிஞ்சின பழத்தைக் காயவச்சு வித்தா என்ன?" என்று பல குழுக்கள் கேட்கின்றன. இதற்கு ஐந்து லட்சம் கடன் வாங்கலாம் என்றும் பேச்சு இருக்கு. கையெழுத்துக்கு முன்னால கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மகாராஷ்டிராவில் சாங்லி, நாசிக், கர்நாடகத்தில் விஜயபுரா, இங்கேதான் உலர்திராட்சை அதிகம். அவங்க பயிரிடுவது தாம்சன் போன்ற விதையில்லா ரகம். மாசி, பங்குனியில் அறுவடை. வெயிலும் வறண்ட காத்தும் சேர்ந்து கிடைக்கும். பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசலில் முக்கி, நிழலில் வலை அடுக்குகளில் இரண்டு மூணு வாரம் உலர்த்துவாங்க. நமக்கோ ஆடியில் சாரல், ஐப்பசியில் மழை.

ஏக்கருக்கு விதையில்லா ரகம் சுமார் 6 டன், பன்னீர் சுமார் 12 டன். நமக்கு இரண்டு மடங்கு என்று தோணும். ஆனா காயும்போது தண்ணீர் போய்விடும்; எடை நிற்பது இனிப்பில்தான். 100 கிலோ பழத்தில் சர்க்கரை 20 பங்கு இருந்தால், 23 கிலோபோலக் காய்ந்த பழம் கிடைக்கும். 16 பங்குதான் என்றால் 19 கிலோ. அதாவது ஒரு கிலோவுக்கு அங்கே நாலு கிலோ, பழம் முழுசாப் பழுக்காவிட்டால் நமக்கு ஐந்து கிலோவுக்கு மேல.

பழம் கிலோ 15 ரூபாய் என்று வைங்க. ஐந்து கிலோ 75. கூலி, கரைசல், கழிவு, பெட்டிக்கு 35. அடக்கம் 110 ரூபாய். பழம் 30 ரூபாய்க்குப் போகும் மாசத்தில் அதே அடக்கம் 185. அப்போ பழமாகவே வித்துவிடுவதுதான் நல்லது. இன்னொன்று, பன்னீரில் விதை உண்டு. கடைக்காரர் விதையில்லாததோடு ஒப்பிட்டுத்தான் விலை சொல்வார்.

ஐந்து லட்சத்துக்கு நூற்றுக்குப் 12 வட்டி என்றால் மாசம் 5,000. கிலோவுக்கு 20 ரூபாய் லாபம் நின்றாலும், வட்டிக்கு மட்டுமே மாசம் 250 கிலோ விற்கணும். அதுக்கு 1,250 கிலோ பழம் வேணும். பழம் மலிவா இல்லாத மாசத்திலும் வட்டி நிக்காது.

அதனால என் யோசனை இது. கடனுக்கு முன்னால், விலை விழும் ஒரு மாசத்தில் 200 கிலோ வாங்குவோம். நம்ம சேமிப்பிலிருந்து 4,400 ரூபாய் போதும். இனிப்பை மீட்டரில் அளந்து, மழை படாத கூரைக்கடியில் உலர்த்துவோம். கிடைக்கும் 40 கிலோவைக் கடைகளிலும் சந்தையிலும் கொடுத்து, அவங்க தரும் விலையை நோட்டில் எழுதுவோம். 110-க்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் கடனைப் பற்றி எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்.